திண்டுக்கல்லைக் கைமாற்றிய 1792 உடன்படிக்கை

ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை என்பது மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் 18 அன்று ஏற்பட்ட ஒப்பந்தம் ஆகும். மைசூர் அரசர் திப்பு சுல்தான் ஒருபுறமும், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஐதராபாத் நிசாம், மராத்தியர் ஆகியோர் மறுபுறமும் இதைச் செய்துகொண்டனர். திண்டுக்கல் சீமை இந்த உடன்படிக்கையால்தான் கம்பெனியின் உடைமை ஆனது. ஒரு வணிக நிறுவனத்துக்கு நாடுகளைப் பெறும் அதிகாரம் எப்படி வந்தது என்பதற்கான விடை பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து வரலாற்றில் உள்ளது.

அரசரின் பட்டயம்

1600 டிசம்பர் 31 அன்று முதலாம் எலிசபெத் அரசி கம்பெனிக்கு வணிகப் பட்டயம் வழங்கினார். 1661-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் வழங்கிய பட்டயம் இதை வெகுவாக விரிவாக்கியது. கிறித்தவர் அல்லாத அரசர்களோடு போர் செய்யவும், சமாதானம் செய்துகொள்ளவும், தன் குடியிருப்புகளில் நீதி வழங்கவும் கம்பெனி அதிகாரம் பெற்றது. அதே 1661-இல் ஏற்பட்ட திருமண உடன்படிக்கையின்படி போர்ச்சுகல் அரசு பம்பாயைச் சார்லசுக்குச் சீதனமாகத் தந்தது. அவர் அதை 1668-இல் கம்பெனியிடம் ஒப்படைத்தார்.

நாடாளுமன்றத்தின் சட்டம்

அதே நூற்றாண்டில் இங்கிலாந்து மக்கள் தம் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டப் போராடினர். நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி விதிக்கக் கூடாது என்று 1628-இல் உரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டது. அதை ஏற்ற முதலாம் சார்லஸ், மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்து, பதினோரு ஆண்டுகள் அது இல்லாமலே ஆண்டார். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் அவர் கொல்லப்பட்டார். 1689-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், நாடாளுமன்ற இசைவற்ற வரி சட்டவிரோதம் என்று உறுதிசெய்தது.

கம்பெனியையும் நாடாளுமன்றம் பிற்காலத்தில் கட்டுப்படுத்த முயன்றது. 1784-ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் இங்கிலாந்தின் விருப்பத்துக்கும் மதிப்புக்கும் ஒவ்வாதவை என்று கூறியது. ஆனால் கம்பெனியோ, அது காப்பதாக உறுதியளித்த அரசுகளோ தாக்கப்பட்டால் போர் செய்யலாம் என்று விலக்கும் அளித்தது.

போரும் பங்கீடும்

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கம்பெனிப் படை 1783-இல் பிடித்தது. மறு ஆண்டு ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கைப்படி அது திப்புவிடம் திரும்பியது. 1789 டிசம்பரில் திப்பு, கம்பெனியின் நட்பு அரசான திருவிதாங்கூரின் எல்லை அரணைத் தாக்கினார். சட்டத்தில் இருந்த விலக்கு, கவர்னர் ஜெனரல் காரன்வாலிசுக்குப் போர் தொடுக்க வழிவிட்டது. 1790 ஆகஸ்டில் திண்டுக்கல் கோட்டை மீண்டும் வீழ்ந்தது.

1792 உடன்படிக்கையின் முக்கிய விதிகள்:

- திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும்.
- இழப்பீடாக 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும்.
- அதுவரை அவருடைய மகன்கள் இருவர் பிணையாக இருக்க வேண்டும்.

கம்பெனியின் பங்கில் திண்டுக்கல், பாரமகால், மலபார் ஆகியவை சேர்ந்தன.

குடிமக்களின் நிலை

அகரம், தாடிக்கொம்பு போன்ற சமவெளி ஊர்களின் உழவர்களை இந்தப் பங்கீடு குறித்து எவரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1689-இல் உறுதியான உரிமை, கம்பெனி ஆண்ட இந்தியருக்குக் கிடைக்கவில்லை. நிலவரியைக் கம்பெனி அதிகாரிகளே முடிவு செய்தனர். 1802-ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்ட ஒழுங்குமுறையும் சென்னையில் கவர்னரும் அவருடைய ஆலோசனைக் குழுவும் இயற்றியதே. கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிந்து, இந்தியா நேரடியாக இங்கிலாந்து அரசின்கீழ் வந்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்ற விதி, 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 265-ஆம் உறுப்பாக இடம்பெற்றது. அந்தச் சட்டத்தை இயற்றும் அவைக்குத் திண்டுக்கல் மக்களும் இன்று வாக்களித்து உறுப்பினரை அனுப்புகின்றனர்.