ஓடாத வாகனத்துக்கும் செலவுண்டு

வெளிநாட்டில் உழைத்த காசில் வாங்கிய கார், லீசிங் கட்டி முடித்த வேன், வாப்பா மௌத்தான பின்னர் பிள்ளைகள் விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் பழைய ஜீப் என்று நமது பிரதேசத்தில் பல வீடுகளில் ஒரு வாகனம் நிற்கிறது. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் கொழும்புப் பயணத்துக்கும்தான் அது வெளியே வரும். மாரி பிடித்துவிட்டால் அதுவும் இல்லை. நவம்பரில் ஷெட்டுக்குள் போனால், பெப்ரவரியில் வெள்ளாமை வெட்டும்போதுதான் பலருக்கு அதன் நினைவே வருகிறது.

சித்தாண்டியில் நெல் வியாபாரத்தால் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் இப்படி ஒரு கார் உண்டு. "ஓடினாத்தானே காக்கா தேயும், சும்மா நிண்டா அதுக்கென்ன வரப்போகுது?" என்று அண்மையில் கேட்டார். "நிண்டாலும் தேயும் மாஸ்டர், அந்தத் தேய்மானம் நம்மட கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றேன். அவரிடம் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்வது பிரயோசனமாக இருக்கும்.

முதலில் கணக்கு

வியாபாரி எதையும் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் என்பவை வாகனம் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து வருவதில்லை. இவற்றுக்கும் சில்லறைத் திருத்த வேலைகளுக்குமாக ஒருவருக்கு வருடத்தில் ஒரு இலட்சம் ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருமுறை மட்டும் அவர் வாகனத்தை எடுத்தால் வருடத்துக்கு 24 பயணங்கள். அப்படியானால் பெற்றோல் அடிப்பதற்கு முன்னரே ஒரு பயணத்துக்கு நாலாயிரம் ரூபாவுக்கு மேல் விழுகிறது. லீசிங் பாக்கி இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை ஏறியது நாம் எல்லோரும் கண்ட விடயம். ஆகவே ஷெட்டில் நிற்பது வெறும் இரும்பல்ல. அது ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு. பலருக்கு வளவுக்கும் வீட்டுக்கும் அடுத்த பெரிய முதல். கடைச் சரக்கு மழையில் நனைந்தால் ஓடிப்போய் மூடுகிற நாம், இந்த முதலை மூன்று மாதம் திரும்பிப் பார்க்காமல் விடுகிறோம்.

பற்றரியும் பெற்றோலும்

முதலில் படுப்பது பற்றரிதான். திறப்பை எடுத்த பின்னரும் இக்காலத்து வாகனங்களில் மணிக்கூடு, திருட்டு எச்சரிக்கை மணி, கணினிப் பெட்டி என்பவை சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அது 50 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 45 அம்பியர் மணி பற்றரி ஐந்தாறு கிழமைகளில் வெறுமையாகிவிடும். எஞ்சினை இயக்க முடியாத நிலை அதற்கும் முன்னரே வந்துவிடும். நல்ல சார்ஜில் உள்ள பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளேயுள்ள ஈயத் தகடுகளில் படிவு இறுகி, பின்னர் எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் பழைய பலம் வராது. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கிழமைக்கணக்கில் நின்ற வாகனங்களுக்கு என்ன நடந்தது என்று எந்த கராஜ் பாஸிடம் கேட்டாலும் சொல்வார்.

நம்மவர்கள் இதற்குச் செய்யும் வைத்தியம், தினமும் காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினை இயக்கி நிறுத்துவது. இதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம். இயக்குவதற்கு எடுத்த மின்சாரம்கூட அந்த ஐந்து நிமிடத்தில் சரியாகத் திரும்பி வராது. எஞ்சின் நன்றாகச் சூடாகாதபடியால் எரிந்த வாயுவிலுள்ள நீராவி சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராக நிற்கும். அதற்குப் பதிலாகப் பத்து நாளைக்கு ஒரு முறை, மழை விட்ட நேரம் பார்த்து, பிரதான வீதியில் அரை மணித்தியாலம் ஓட்டி வாருங்கள். சித்தாண்டியிலிருந்து திருகோணமலை வீதியால் வாழைச்சேனைப் பக்கம் போய்த் திரும்பினால் போதும். டயரும் பிரேக்கும் எஞ்சினும் ஒரே ஓட்டத்தில் வேலை செய்துவிடும். எக்காரணம் கொண்டும் பூட்டிய ஷெட்டுக்குள் எஞ்சினை இயக்கக் கூடாது. அந்தப் புகையில் உயிரே போகும்.

ஓட்ட ஆளில்லாத வீட்டில் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பது நல்லது. ஹைபிரிட் வாகனமாயின் அதன் உயர்மின் பற்றரியில் கை வைக்காமல், வாகனத்தோடு வந்த கைநூலில் சொல்லியபடி செய்யுங்கள்.

பெற்றோல் தாங்கியைப் பாதியில் விடாதீர்கள். வெற்றிடத்திலுள்ள ஈரக்காற்று குளிரும்போது நீர்த்துளியாகிப் பெற்றோலுக்கு அடியில் போய்த் தங்கும். நிறைந்த தாங்கியில் அதற்கு இடமில்லை. டீசல் வாகனங்களில் வடியிலுள்ள தண்ணீரை மாரிக்கு முன் ஒருமுறை இறக்கிவிட வேண்டும்.

ஈரமும் எலியும்

ஆற்றின் ஈரமும் வாவிக் காற்றின் உப்பும் சேர்ந்த பிரதேசம் நம்முடையது. சேற்றோடு நிறுத்திய வாகனத்தின் அடித்தகடு துருப்பிடிக்கும். நிறுத்துமுன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள். புல்லிலோ மண்ணிலோ நிறுத்தாமல் கொங்கிரீட் தரையில் நிறுத்துங்கள். தறப்பாளால் இறுக்கிச் சுற்றுவது பாதுகாப்பு அல்ல. உள்ளே வியர்த்து, ஆசனங்களில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் போகும் துணி உறையே நல்லது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் ஈரத்தில் பிரேக் கட்டை ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுக்கு அடைகல் வைத்தால் போதுமானது. டயருக்கு, அதன் பக்கத்தில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டாமல், வழமையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடியுங்கள்.

வயலோரக் கிராமங்களுக்கே உரிய எதிரி எலி. வயலில் தண்ணீர் ஏறியதும் அது காய்ந்த இடம் தேடி வரும். போனட்டுக்குள்ளிருக்கும் இடுக்கு அதற்கு நல்ல வீடு. கடித்த வயர்களை மாற்றும் செலவு சில வேளை பற்றரியின் விலையையும் மிஞ்சிவிடும். நெல் மூடையும் தவிடும் வைக்கும் இடத்தில் வாகனத்தை நிறுத்தாமல் இருப்பதும், கிழமைக்கொரு தடவை போனட்டைத் திறந்து பார்ப்பதுமே சிறந்த மருந்து.

வெள்ளம் வந்தால்

1978 நவம்பரில் சூறாவளி, 2011 ஜனவரியில் பெருவெள்ளம், 2025 நவம்பரில் டித்வா. நமது மாகாணத்தைத் தொட்ட பேரிடர்கள் பலவும் மாரியிலேயே வந்துள்ளன. சந்தனமடு ஆறு பெருகி, ஈரளக்குளம் பக்கத்து மக்கள் தோணியில் சித்தாண்டிக்கு வந்து சேர்ந்த மாரிகள் எத்தனையோ. ஆகவே உங்கள் ஊரில் முன்னைய வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலான ஓரிடத்தை இப்போதே பேசி வையுங்கள். அது உறவினரின் வளவாக இருக்கலாம், வேற்றுச் சமூக நண்பரின் முற்றமாகவும் இருக்கலாம். வெள்ளத்தில் நமது சரக்கை அவர்களும் அவர்களது சரக்கை நாமும் பாதுகாத்துக் கொடுத்த ஊர்கள்தான் இவை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதியோ தகாபுலோ எடுத்தவரும் வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தை வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். எஞ்சின்வரை தண்ணீர் ஏறிய வாகனத்தை ஒருபோதும் இயக்கிப் பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை நசுக்க முடியாமல் இரும்புத் தண்டுகள் வளையும். திருத்தக்கூடிய எஞ்சின் அந்த ஒரு நொடியில் பழைய இரும்பாகிவிடும். பற்றரியைக் கழற்றி, படம் எடுத்து, காப்புறுதிக்கு அறிவித்து, இழுத்துச் செல்வதே முறை.

அமானிதமும் ஸகாத்தும்

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் சகோதரர்களின் வாகனங்கள் பலரது பொறுப்பில் இங்கு நிற்கின்றன. அது அமானிதம். ஒப்படைத்தவர் வந்து திறப்பைக் கேட்கும்போது "பற்றரி இறங்கிவிட்டது" என்பது பதிலாகாது. பொறுப்பெடுக்கும்போதே ஓட்டலாமா, செலவு யாருடையது என்று பேசி எழுதிக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு வராது.

சொந்தப் பாவனை வாகனத்துக்கு ஸகாத் இல்லை. ஆனால் விலை ஏறும் என்று விற்பதற்காகவே வாங்கி நிறுத்தியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. வருடம் பூர்த்தியாகும் நாளின் சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் உண்டு. 40 இலட்சம் பெறுமதியென்றால் ஒரு இலட்சம். வாடகைக்கு விடுபவர் தமது வருமானத்தின் ஸகாத் பற்றி உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் செய்ய நேரமும் ஆளும் இல்லாதவர் மாரிக்கு முன்னரே விற்றுவிட்டு, தேவைப்படும் நாளில் வாடகைக்கு வாகனம் பிடிப்பதே இலாபம். வைத்திருப்பதானால் ஒரு காரியத்தை நினைவில் கொள்ளுங்கள். கொட்டும் மழையில், நடுச்சாமத்தில், பிரசவ வேதனையிலுள்ள அயல்வீட்டுப் பெண்ணை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஊரவர்கள் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். ஷெட்டில் வாகனம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் இயங்க வேண்டும். பத்து நாளைக்கு அரை மணித்தியாலம் செலவழிப்பது இதற்காகவும்தான். தவக்குல் வைக்குமுன் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்த மாரியை அல்லாஹ் ரஹ்மத்தான மழையாக ஆக்கிவைப்பானாக.