ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமா? ஒரு இட்லி கணக்கும் ஒரு ஸ்டூல் கதையும்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு சாமானைப் பத்திப் பேசப் போறோம். போர்ட்டபிள் ஸ்டாண்டிங் டெஸ்க். இருக்கிற டேபிள் மேலயே தூக்கி வச்சு, நின்னுட்டே வேலை பார்த்து, முடிஞ்சதும் மடிச்சு ஓரமா வைக்கிற சமாசாரம். வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கும், ஆபீஸ்ல சொந்தமா ஒரு இடம் இல்லாதவங்களுக்கும் இது ரொம்ப வசதி. நான் ஒரு வருஷமா பயன்படுத்துறேன். "நாள் முழுக்க உட்கார்ந்தே முதுகு போச்சு, இதை வாங்கினா சரியாயிடுமா?"ன்னு நண்பர்கள் கேட்டா, நான் சொல்றது இதுதான்: வாங்குங்க, ஆனா நாள் முழுக்க நிக்கிறதுக்காக வாங்காதீங்க.

ஏன்னு சொல்றேன்.

கண்டக்டரும் டிரைவரும்

உட்கார்ந்தே செய்யிற வேலை இதயத்துக்கு நல்லதில்லைன்னு உலகத்தை யோசிக்க வச்ச ஆய்வு 1953-ல லண்டன்ல இருந்து வந்துச்சு. ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவா இருந்துச்சு.

இதைக் கேட்டதும் "அப்போ நிக்கிறது நல்லது"ன்னு தோணும். ஆனா கண்டக்டர் ஒரே இடத்துல நிக்கலையே. டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருந்தார். காப்பாத்தினது அந்த அசைவு.

சும்மா நிக்கிறதால எவ்வளவு கலோரி செலவாகும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப கிடைச்ச கணக்கு, உட்கார்ந்திருக்கிறதைவிட நிமிஷத்துக்கு 0.15 கிலோ கலோரி அதிகம். ஆறு மணி நேரம் நின்னா 54. ஏறக்குறைய ஒரு இட்லி! வெயிட் குறைக்க ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்குறவங்க இந்த இட்லியை ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல சுமார் 7,300 ஊழியர்களை 12 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2017-ல வெளிவந்துச்சு. பெரும்பாலும் நின்னுட்டே வேலை செஞ்சவங்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செஞ்சவங்களைவிட இதய நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு காரணம், கால்ல இறங்கின ரத்தம் மேல வரணும்னா கெண்டைக்கால் தசை சுருங்கி விரிஞ்சு பம்ப் மாதிரி தள்ளணும். அசையாம நின்னா அந்த பம்ப் சரியா ஓடாது, ரத்தம் கீழயே தேங்கும். கால் வீக்கம், வெரிகோஸ் வெய்ன்ஸ் எல்லாம் அந்த வழியில வர்றதுதான்.

ஆக, உடம்புக்குத் தேவை நிலையை மாத்திக்கிற வசதி. நல்ல டெஸ்க் தர்றது அதைத்தான்.

டேப் எடுத்து அளங்க

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இஞ்ச் டேப் எடுங்க. நேரா நின்னு, முழங்கையை எல் மாதிரி மடக்குங்க. தரையில இருந்து முழங்கை வரைக்கும் எவ்வளவோ, அதுதான் கீபோர்டு இருக்க வேண்டிய உயரம். ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவா இருக்கிறவருக்கு இது சுமார் 41 அங்குலம். சாதாரண டேபிள் 30 அங்குலம். அப்போ உங்க டெஸ்க் குறைஞ்சது 11 அங்குலம் உயரணும்.

திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துல இருக்கணும். அதே ஆளுக்கு அது சுமார் 61 அங்குலம். கீபோர்டுக்கும் திரை உச்சிக்கும் நடுவுல 20 அங்குலம் வேணும். லேப்டாப்ல இருக்கிறது அதுல பாதிதான். அதனால லேப்டாப்பை மட்டும் தூக்கி வச்சா, ஒண்ணு கழுத்து குனியும், இல்ல தோள் தூக்கிக்கும். தனி கீபோர்டும் மவுஸும் இல்லாம எவ்வளவு விலை உயர்ந்த டெஸ்க் வாங்கினாலும் வலி போகாது. கையில காசு கம்மின்னா முதல்ல இந்த ரெண்டை வாங்குங்க.

டெஸ்க்கே வாங்காமலும் பார்க்கலாம். சமையல் மேடை பொதுவா 32-லிருந்து 34 அங்குலம் இருக்கும். அது மேல கெட்டியான ஒரு பெட்டி வச்சா உயரம் வந்துடும். ஒரு வாரம் அப்படி நின்னு பாருங்க, பிடிச்சா வாங்குங்க.

முதல் நாளே ரெண்டு மணி நேரம் நிக்க வேண்டாம். 15, 20 நிமிஷத்துல ஆரம்பிங்க. கால் வலிக்கிறதுக்கு முன்னாடியே உட்காருங்க. கீழ ஒரு சின்னப் பலகை போட்டு காலை மாத்தி மாத்தி வைங்க. போன் வந்தா நடந்துட்டே பேசுங்க. கை கால் மரத்துப் போறதோ, வலி காலுக்கு இறங்குறதோ இருந்தா டெஸ்க் தேடாம டாக்டரைப் பாருங்க.

அந்த ஸ்டூல்

நமக்கு நிக்க வசதி வேணும்னு காசு கொடுத்து வாங்குறோம். ஆனா துணிக்கடையிலயும் நகைக்கடையிலயும் நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு, உட்கார ஒரு ஸ்டூலுக்கே சட்டம் வர வேண்டியிருந்துச்சு. கோழிக்கோட்டுல 'பெண்கூட்டு'ங்கிற பெண்கள் அமைப்பு கடை ஊழியர்களுக்காகப் போராடி, 2018-ல கேரளா சட்டத்தைத் திருத்துச்சு. 2021-ல தமிழ்நாடும் 1947-ம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் செஞ்சு, ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்கணும்னு சொல்லிடுச்சு.

என் டெஸ்க்கும் அந்த ஸ்டூலும் செய்யிறது ஒரே வேலைதான். உடம்பு கேக்கும்போது நிலையை மாத்திக்க விடுது. அடுத்த தடவை தி.நகர் போனா, கவுண்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதுல யாராவது உட்கார முடியுதான்னும் பாருங்க.

இப்போ இதைக் கேட்டுட்டிருக்கிற நீங்க, உட்கார்ந்திருந்தா கொஞ்சம் எழுந்து நடங்க. நின்னுட்டிருந்தா போய் உட்காருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.