கணிப்பொறிக் கணக்கிற்கும் ஒரு நகல் வேண்டும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வணிகர்கள் பலர் பற்று வரவையும் சரக்கு இருப்பையும் இன்று கணிப்பொறியில்தான் வைத்திருக்கிறோம். பேரேட்டைக் கரையான் அரித்தால் சில பக்கங்கள் போகும். கணிப்பொறியில் வைரஸ் புகுந்தால் மொத்தக் கணக்கும் போய்விடும்.

2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்னும் வைரஸ் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. நம் பக்கத்து ஒரகடத்திலுள்ள ரெனோ-நிஸான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணிப்பொறிகளே சிக்கின.

எனவே வணிகர்கள் செய்ய வேண்டியவை:

1. தினமும் கடை அடைக்குமுன் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

2. இரண்டு பென் டிரைவ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

3. மாதம் ஒருமுறை நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

4. விண்டோஸ் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

5. பில் போடும் கணிப்பொறியில் இலவச விளையாட்டு, சினிமா எதையும் இறக்க வேண்டாம்.

வைரஸ் தாக்கினால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பணம் கட்டினாலும் கணக்கு திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். கணக்கு அழிந்தால், கடனுக்குச் சரக்கு வாங்கியவர் தரவேண்டிய பாக்கிக்கும் சான்று இராது. கல்லாச் சாவியை எடுக்கும்போது பென் டிரைவையும் எடுத்துச் செல்வோம்.