சிவப்பு விளக்கு பேட்டரிக்கு மட்டும் அல்ல!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பட்டறையில் இருந்தேன். மதியம் மூணு மணி இருக்கும். ஒரு பழைய டீசல் டாக்சியை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். டிரைவர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியதில் பாதி டீ கீழே சிந்தியது.

கொல்லிமலைக்கு சவாரி போய்விட்டுத் திரும்பி இறங்கியிருக்கிறார். காரவள்ளி வரைக்கும் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, 70. பாதி இறங்கியதும் "பட்" என்று ஒரு சத்தம். அடுத்த இரண்டு வளைவு வரை பிரேக் பிடித்தது. மூன்றாவது வளைவில் மிதித்தால் பெடல் கல்லு மாதிரி நின்றுவிட்டது. இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்து, இரண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, சுவர் ஓரமாக எப்படியோ நிறுத்தியிருக்கிறார். உள்ளே நாலு பேர். அதில் ஒரு குழந்தை.

எல்லாவற்றையும் கேட்ட மாமா பிரேக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சார்ஜ் லைட் எரிஞ்சுதா?" என்றார்.

"ஏறும்போதே விட்டு விட்டு எரிஞ்சுது அண்ணே. வண்டிதான் நல்லா ஓடுதே, பேட்டரி சமாச்சாரம்தானே, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்குக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? அன்று சாயங்காலம் வரை கூடவே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆல்டர்னேட்டர். பட்டறையில் எல்லோரும் இதை "டைனமோ" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் டைனமோ வேறு. பழைய கார்களில் இருந்தது டைனமோ. அது எஞ்சின் மெதுவாக ஓடும்போது சரியாக சார்ஜ் கொடுக்காது. 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது, பிறகு உலகம் முழுக்க அதுவே பரவிவிட்டது. பொருள் மாறியும் பேர் மட்டும் மாறவில்லை. நானும் பட்டறையில் டைனமோ என்றுதான் சொல்கிறேன், இல்லாவிட்டால் சிரிப்பார்கள்.

ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் நம் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறதல்லவா, அதேதான் உள்ளே நடக்கிறது. நடுவில் சுற்றுவது ரோட்டார், அது ஒரு மின்காந்தம். சுற்றிலும் அசையாமல் இருப்பது ஸ்டேட்டார், தாமிரக் கம்பிச் சுருள். ரோட்டார் சுற்றச் சுற்ற சுருளில் மாறுமின்னோட்டம் பிறக்கும். பேட்டரிக்கு வேண்டியதோ நேர்மின்னோட்டம். அதனால் டயோடுகள் வழியாக மாற்றி, ரெகுலேட்டர் வைத்து 14 வோல்ட் பக்கம் நிறுத்துகிறார்கள். மல்டி மீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருந்தால் 12.6 போலக் காட்டும். ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம்.

ரோட்டாரைச் சுற்றுவது யார்? எஞ்சின்தான். கிராங்கின் முனையில் ஒரு பெரிய புல்லி, ஆல்டர்னேட்டரில் ஒரு சின்ன புல்லி, இரண்டுக்கும் நடுவே பெல்ட்.

சரி, பிரேக் எங்கே வந்தது? பெட்ரோல் எஞ்சினில் காற்று போகிற வழியில் ஒரு மூடி இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் அது மூடிக்கொள்ளும். எஞ்சின் காற்றை இழுக்கப் பார்க்கும், காற்று வராது, அதனால் குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தைத்தான் பிரேக் பூஸ்டர் எடுத்துக்கொள்கிறது. பழைய டீசல் எஞ்சினில் அந்த மூடியே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாகப் போகும், டீசலைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்றுவார்கள். அப்போது பூஸ்டருக்கு வெற்றிடம் யார் கொடுப்பது? அதற்கு தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். இண்டிகா டீசல், சுமோ மாதிரி வண்டிகளில் அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது தெரியுமா? ஆல்டர்னேட்டரின் முதுகில்! ஒரே தண்டு. முன்பக்கம் புல்லி, நடுவில் மின்சாரம், பின்பக்கம் வேக்கம் பம்ப். (இண்டிகா தயாரிப்பு 2018-லும் சுமோ 2019-லும் நின்றுவிட்டது. ஆனால் ஓடுகிற வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.)

பூஸ்டர் எவ்வளவு உதவி செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருக்கும் வட்டத் தட்டு 20 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 314 சதுர செ.மீ. ஒரு பக்கம் வெளிக்காற்று, இன்னொரு பக்கம் காற்றை உறிஞ்சி எடுத்த இடம். இரண்டுக்கும் அழுத்த வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ என்றால், 314 × 0.7, சுமார் 220 கிலோ. நம் வகுப்பில் நாலைந்து பேர் ஏறி நின்று தள்ளுவது போல! நாம் காலால் லேசாக மிதிக்கிறோம், மிச்சத்தை காற்று பார்த்துக்கொள்கிறது. பெல்ட் அறுந்தால் பம்ப் நின்றுவிடும். பூஸ்டரில் சேர்ந்திருக்கிற வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு அந்த 220 கிலோவும் நம் கால் தலையில். பிரேக் ஃபெயில் ஆகவில்லை, உதவிக்கு இருந்த ஆள் போய்விட்டான், அவ்வளவுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் இந்த வித்தியாசமெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

இதில் டீசல் வண்டி செய்கிற இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்கு ஓட மின்பொறி வேண்டும். சார்ஜ் இல்லை என்றால் பேட்டரி இறங்கி வண்டி திக்கித் திணறி நின்றுவிடும். நாமும் மெக்கானிக்கைத் தேடுவோம். பழைய டீசல் அப்படி இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். ஒருதரம் ஸ்டார்ட் ஆனால் பிறகு கரண்ட் ரொம்பக் கொஞ்சமே போதும், மணிக்கணக்கில் ஓடும். "வண்டிதான் நல்லா ஓடுதே" என்று அந்த அண்ணன் சொன்னது பொய் இல்லை. (கம்ப்யூட்டர் வைத்த புது டீசல் கார்கள் பேட்டரி இறங்கினால் நின்றுவிடும்.)

பானெட்டைத் திறந்ததும் மாமா புல்லியைத்தான் பார்த்தார். அந்த வண்டியில் இருந்தது ஒற்றை வி பெல்ட். இப்போது வருகிற வண்டிகளில் பட்டையாக, பல வரிகள் உள்ள பெல்ட் இருக்கும். வி பெல்ட் புல்லியின் இரண்டு சரிவுச் சுவரையும் அழுத்தித்தான் பிடிமானம் எடுக்கும். அடியைத் தொடவே கூடாது. இந்தப் புல்லியில் சுவர் இரண்டும் தேய்ந்து, அடிப்பள்ளம் கண்ணாடி போலப் பளபளத்தது. "பளபளன்னு இருந்தா நல்லா இருக்குன்னு நெனைக்காத மாப்ள. பெல்ட் அடியில உக்காந்து வழுக்கியிருக்கு," என்றார்.

வழுக்கினால் கிரீச் என்று சத்தம் வரும். ரெண்டு மாதம் முன்னால் வேறு ஊரில் ஒரு இடத்தில் காட்டியபோது, புல்லியைப் பார்க்காமல் பெல்ட்டை முறுக்கி இறுக்கி விட்டிருக்கிறார்கள். சத்தம் நின்றது. ஆனால் இறுக்கிய பெல்ட் தண்டை ஒரே பக்கமாக இழுத்ததில் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங் போச்சு. பேரிங் ஆடியதால் புல்லி கோணியது. கோணிய புல்லி பெல்ட்டின் ஓரத்தைத் தின்றது. கடைசியில் அறுந்தது மலையில். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழு ஆல்டர்னேட்டரே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

இனி மாற்றிய கதை. முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. ஆல்டர்னேட்டருக்கு வருகிற தடித்த ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, நடுவில் சாவி கிடையாது. ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். மாமாவின் மணிக்கட்டில் வட்டமாக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் இரும்புச் சங்கிலி வாட்ச்சோடு வேலை செய்ததன் பரிசு. அன்றிலிருந்து வாட்ச் கட்டுவதில்லை, என்னிடம்தான் மணி கேட்பார்.

பின்னால் இருக்கிற மெல்லிய ஒயர்தான் சிவப்பு விளக்குக்குப் போகிறது. அந்த விளக்கு வழியாக வரும் சின்ன மின்னோட்டம்தான் ரோட்டாரை முதலில் காந்தமாக்குகிறது. ஆகவே பல்பு ஃபியூஸ் போனால் சில வண்டிகளில் சார்ஜே ஆகாது! சாவி போட்டதும் அந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் அதுவும் கோளாறுதான்.

பிறகு வேக்கம் டியூப், ஆயில் வருகிற குழாய், ஆயில் திரும்பிப் போகிற டியூப் மூன்றையும் கழற்றினோம். ஆமாம், பம்ப்புக்கு எஞ்சின் ஆயில்தான் போகிறது. அந்தத் திரும்பும் டியூப் வெடித்திருந்தால் ஆயில் கசிந்து ஆல்டர்னேட்டரை நனைத்துவிடும், எஞ்சினிலும் ஆயில் குறையும். மாமா பழைய டியூபை மடக்கிக் காட்டினார், விரிசல் விட்டிருந்தது. புதுசு போட்டோம். போல்ட் கழற்றி வெளியே எடுத்தது பத்து நிமிட வேலை.

புது ஆல்டர்னேட்டர் புல்லி இல்லாமல்தான் வந்தது. கடைக்காரர் முதலில் கொடுத்த புல்லியை மாமா திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளம் சரி, துளை சரி, விட்டம்தான் ஒரு செ.மீ. பெரிசு. "ஒரு சென்டிமீட்டர்தானே மாமா?" என்றேன். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கிராங்க் புல்லி 15 செ.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 6 செ.மீ. என்றால் வேகம் இரண்டரை மடங்கு. எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடும்போது ஆல்டர்னேட்டர் 2000 சுற்று. 7 செ.மீ. போட்டால் சுமார் 1714-தான். சிக்னலில் நிற்கும்போது சார்ஜும் குறையும், வேக்கமும் மெதுவாக ஏறும். சரியான புல்லி வர ஒரு மணி நேரம் காத்திருந்தோம். டிரைவர் அண்ணன் அதற்குள் மூன்று பேருக்கு போன் பண்ணி நடந்ததைச் சொல்லிவிட்டார்.

புல்லி நட்டை முறுக்கும்போது தண்டும் கூடவே சுற்றும். அதற்காக விசிறிக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் இதழ் உடைந்துபோகும். மாமா பழைய பெல்ட் துண்டை புல்லியில் சுற்றி வைஸில் பிடித்து முறுக்கினார். சுத்தியல் பக்கமே போகவில்லை. அடித்தால் புது பேரிங்கில் பள்ளம் விழுந்துவிடுமாம்.

சில புதிய டீசல் கார்களில் இந்தப் புல்லியே வேறு மாதிரி. டீசல் எஞ்சின் ஒரே சீராகச் சுற்றாது, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதறல். அந்த உதறல் பெல்ட்டுக்குப் போகாமலிருக்க புல்லிக்குள் நம் சைக்கிள் ஃப்ரீவீல் போல ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், எதிர்ப்பக்கம் தனியாகச் சுற்றும். இரண்டு பக்கமும் பிடித்தாலும் கெட்டது, இரண்டு பக்கமும் விட்டாலும் கெட்டது. அதற்குப் பதிலாக சாதா புல்லி போட்டால் விலை குறைவுதான், பெல்ட் ஆட்டம் போடும்.

பொருத்திய பிறகு ஒரு நீள இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லியின் முகத்திலும் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பெல்ட்டை மாட்டி நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு செ.மீ. உள்ளே போகிற அளவுக்கு இறுக்கம். வேக்கம் பம்ப்பில் கொஞ்சம் ஆயில் விட்டு, டியூப்களை மாட்டி, கடைசியாக பேட்டரி ஒயர்.

சோதனை ஒன்று பாக்கி இருந்தது. இதை நீங்களும் உங்கள் வீட்டுக் காரில் செய்யலாம், வண்டியை நகர்த்தவே வேண்டாம், நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து தரம் மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வேக்கம் சரியாக இருந்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள், யாராவது பெரியவரிடம் சொல்லுங்கள்.

டிரைவர் அண்ணன் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு அணைந்தது. மீட்டரில் 14.1. "இறங்குதுண்ணே, இறங்குது!" என்று கத்தினார்.

அந்தப் பழைய புல்லியை மாமாவிடம் கேட்டு வாங்கி வந்து, இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓர மேஜையில் வைத்திருக்கிறேன். பள்ளத்தின் அடியில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் பிசிறு இருக்கிறது, கை ஜாக்கிரதை.