கன்டெய்னருக்குள் மழை பெய்வது ஏன்?

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் வேர்க்கடலைப் பருப்பு ஏறியிருந்தால், அதற்கு முதல் எதிரி கடல்நீர் அல்ல, பருப்புக்குள் இருக்கும் ஈரம்தான்.

செடியைப் பிடுங்கும்போது கடலையின் எடையில் 35 முதல் 50 சதவீதம் தண்ணீர். காயவைத்துப் பருப்பில் அதைச் சுமார் 7 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். குலுக்கினால் கலகலவென்கிறதே என்று மூட்டை கட்டிவிடுவார்கள்; காதால் கேட்டு ஈரம் அளக்க முடியாது.

பகல் வெயிலில் இரும்புப்பெட்டி கொதிக்கிறது. பருப்பு ஈரத்தை ஆவியாக வெளியே விடுகிறது. இரவில் முதலில் குளிர்வது கூரைத் தகடு. ஆவி அதில் துளியாகத் திரண்டு மூட்டைமேல் சொட்டுகிறது. நனைந்த இடத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும். வறுத்தாலும் அது முழுதாக அழியாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் இருந்த இதே நஞ்சு. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.

அதனால்தான் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடுகிறார்கள். சரியாகக் காயாத சரக்கை அவை காப்பாற்றாது. அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் தொல்லைதான்: தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்து, விலை இறங்கும்.