துடைத்துத் துடைத்து மங்கிய கறுப்பு

பொட்டிபுரத்தில் மாமா கறுப்பு கார் வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி விடாமல் துடைப்பார். "இவ்வளவு பாத்தும் வெளிறிப் போச்சே மாப்ள, பெயின்டே மட்டமோ?" என்றார். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். சூரியன் பிரதிபலிக்கிற இடத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். பெயின்ட்மேல் தப்பில்லை. துணிதான் காரணம்.

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். பொதுவாகத் தலைமுடியை விட மெல்லியது. நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் இதன் மேற்பரப்பிலேயே கண்ணாடி போலத் திரும்புகிறது. அதுதான் பளபளப்பு. மிச்ச ஒளி உள்ளே போய் நிறத்தைத் தொடுகிறது. நாம் 'ஆழம்' என்று சொல்வது அதைத்தான். மேலே கீறல் விழுந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறி, நிறத்தின்மேல் வெளிறலாகப் படிகிறது. வெள்ளைக் காரில் இது தெரியாது, கறுப்பில் மறையாது.

கீறுவது எது? நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காகப் பொட்டிபுரம் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் இல்லையா, அது சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. அதில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவில் அதன் கடினம் 7, எஃகுக் கத்தியையே கீறும். ஆடிக் காற்றில் பறக்கிற புழுதியிலும் அந்த மணல்தான். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

சரி செய்ய இரண்டு வழி. வாக்ஸ் கீறலை நிரப்பி மறைக்கும். கழுவக் கழுவக் கரைந்துவிடும். பாலிஷ், கீறலின் அடிவரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும். பளபளப்பு உண்மையிலேயே திரும்பும், ஆனால் ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போய்விடும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அதே பூச்சுதான். அது தேய்ந்து போனால் நிறம் வெளுக்கும், மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கார் முழுக்க முரட்டு காம்பவுண்ட் போடக் கிளம்பிய மாமாவைத் தடுத்தேன். பானட்டில் மட்டும் நைஸ் பாலிஷ், மேலே வாக்ஸ். இப்போது முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மணலை ஓடவிடுகிறார். பிறகு ஷாம்பூ நுரை, மைக்ரோஃபைபர் துணி. தண்ணீர் இல்லாத நாளில் தூசியோடயே வண்டியை எடுக்கிறார். அதுதான் பெயின்டுக்கு நல்லது.