முகமூடிக்குப் பின்னாடி ஒரு லீவ் லெட்டர்: மெலட்டூர் பாகவத மேளா

அக்டோபர் 31 வந்தா போதும், அமெரிக்காவுல எம்.எஸ். படிக்கிற நம்ம சீனியர்ஸோட ஸ்டேட்டஸ் முழுக்க பூசணிக்காயும் எலும்புக்கூடும்தான். அங்க சில ஊர்கள்ல 'ஹாலோவீன் டிரெய்ல்'னு ஒண்ணு நடத்துறாங்க. ஊர்க்காரங்களே பாதை போட்டு, பேய் வேஷம் கட்டி நின்னு, நடந்து வர்ற குழந்தைகளைப் பயமுறுத்துவாங்க. யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாரும் தன்னார்வலர்கள்.

"நம்ம ஊர்ல இப்படி எதுவும் இல்லையே"ன்னு நினைக்கிறீங்களா? தஞ்சாவூர்லேருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, பாபநாசம் தாலுகாவுல வயல்களுக்கு நடுவுல மெலட்டூர்னு ஒரு கிராமம் இருக்கு. அங்க வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தி ராத்திரி, வரதராஜப் பெருமாள் கோயில் எதிர்ல விடிய விடிய நாடகம் நடக்கும். அதுதான் பாகவத மேளா. பாட்டு, நடனம், வசனம் மூணும் சேர்ந்த நாடகம். நடிக்கிறவங்க எல்லாருமே ஆண்கள். லீலாவதி மாதிரி பெண் வேஷமும் அவங்கதான் கட்டுவாங்க.

எப்படி ஆரம்பிச்சது?

16-ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூரை ஆண்ட நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர், 510 பிராமணக் குடும்பங்களுக்கு இங்க வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார்னு ஊர் வரலாறு சொல்லுது. அவர் பேராலேயே ஊருக்கு அச்சுதபுரம்னும் ஒரு பேர் இருந்தது. நாயக்கர் அரசவையோட மொழி தெலுங்கு. அதனாலதான் தமிழ்நாட்டு கிராமத்துல ஆடுற இந்த நாடகங்கள் இன்னிக்கும் தெலுங்குல இருக்கு.

இப்போ ஆடுற நாடகங்களை எழுதினவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கதன் கதை, அரிச்சந்திரன் கதைன்னு வரிசையா எழுதினார். பக்கத்துல சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், தேப்பெருமாநல்லூர்னு வேற ஊர்கள்லயும் இந்தக் கலை இருந்தது.

ராத்திரி என்ன நடக்கும்?

முதல்ல கோணங்கி வருவான். குல்லாய் போட்ட கோமாளி. குதிச்சு ஆடி, கூட்டத்தைச் சிரிக்க வெச்சு, சத்தத்தை அடக்குறது அவன் வேலை. அப்புறம் பாகவதர்கள் மங்கலப் பாட்டு பாடுவாங்க. அடுத்து யானை முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன் பிள்ளையாரா வந்து ஆசீர்வாதம் பண்ணுவான். பல பேருக்கு இந்த மேடையில முதல் வேஷமே இதுதான். சொல்லப்போனா இதுதான் அவங்களுக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர்! அதுக்கப்புறம் ஒவ்வொரு பாத்திரமா, ரெண்டு பேர் பிடிச்சிருக்கிற திரைக்குப் பின்னாலேருந்து தனக்குரிய பாட்டோட உள்ள வரும்.

எல்லாரும் தூக்கத்தை அடக்கிக்கிட்டு காத்திருக்கிறது பிரகலாத சரித்திரத்தோட கடைசிக் கட்டத்துக்குத்தான். தூணைப் பிளந்துக்கிட்டு நரசிம்மர் வருவார். அந்த முகமூடி மத்த நாள்ல பூஜையில இருக்கிற சாமி. அதைப் போட்டுக்கிறவர் விரதம் இருந்துதான் போட்டுக்கணும். போட்டதும் அவருக்கு ஆவேசம் வந்துரும்னு நம்பிக்கை. அதனால இரணியன் மேல பாய்ஞ்சிடாம இருக்க ஆளுங்க பக்கத்துல நின்னு அவரைப் பிடிச்சுக்குவாங்க. ஹாலோவீன் முகமூடி கடையில வாங்கி மறுநாள் தூக்கிப் போடுறது. இது தலைமுறை தலைமுறையா கைமாறி வர்றது. பயம் ரெண்டுலயும் உண்டு. இங்க பயத்தோட கன்னத்துல போட்டுக்கிறதும் உண்டு.

நின்னு போய், திரும்ப வந்த கதை

நாயக்கர்களுக்கு அப்புறம் மராட்டிய மன்னர்கள் காலத்துலயும் தஞ்சாவூர்ல கலைகளுக்கு ஆதரவு இருந்தது. 1855-ல ஆண் வாரிசு இல்லாம மன்னர் சிவாஜி இறந்ததும் பிரிட்டிஷ்காரங்க தஞ்சாவூரை எடுத்துக்கிட்டாங்க. அரசவையே இல்லைன்னா ஆதரவு எங்கேருந்து வரும்? மத்த ஊர்கள்ல மேளா ஒவ்வொண்ணா மங்கிப்போச்சு. மெலட்டூர்ல பரதம் நடேச ஐயர் மாதிரி சிலர் விடாம நடத்தினாங்க. அவருக்குப் பிறகு அங்கயும் தடைபட்டுது.

அதுக்கு மறுபடி உயிர் கொடுத்ததுல வி. கணேச ஐயர், பாலு பாகவதர் போன்ற ஊர்க்காரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியிலேருந்து கை கொடுத்தவர் இ. கிருஷ்ண ஐயர். வக்கீல், விடுதலைப் போராட்டக்காரர்; சதிர் ஆட்டத்துக்கு மரியாதை கிடைக்கணும்னு தானே பெண் வேஷம் கட்டி ஆடினவர். மெலட்டூர் மேளாவைப் பத்தி வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னதுல அவர் முக்கியமானவர்.

இந்த வரலாற்றை நம்ம பாஷையில சொன்னா, ஒரே சர்வரை நம்பின சிஸ்டம் கிராஷ் ஆகும். ராஜா ஒருத்தரை நம்பினப்போ ராஜ்யத்தோட சேர்ந்து சரிஞ்சுது. ஊரே பகிர்ந்துக்கிட்டப்போ தப்பிச்சுது. இன்னிக்கு நடிக்கிற பல பேர் வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க. லீவ் லெட்டர் கொடுத்துட்டு ஊருக்கு வந்து, ஒத்திகை பார்த்து, ராத்திரி முழுக்க ஆடிட்டு மறுபடி வேலைக்குப் போறாங்க. வேண்டுதலாத்தான் ஆடுறாங்க, காசுக்காக இல்லை.

இதுல கேள்விகளும் இருக்கு. மேடை ஒரு சமூகத்து ஆண்களுக்கு மட்டும்னு இருக்கிறது சரியான்னு கேட்கலாம். கேட்கணும். வயல் ஊரை விட்டு எல்லாரும் நகரத்துக்குப் போயிட்டா, அடுத்த பிள்ளையார் வேஷத்துக்குப் பையன் எங்கேருந்து வருவான்? மேடையை இன்னும் நிறைய பேருக்குத் திறந்தா கலை கெடுமா, பிழைக்குமா? பிழைக்கும்னு நான் நினைக்கிறேன். நீங்க வேற மாதிரி நினைக்கலாம். ஆனா ஒரு தடவையாவது பார்த்துட்டு வாதம் பண்ணுங்க.

நரசிம்ம ஜெயந்தி பெரும்பாலும் மே மாசத்துல வரும். நம்ம செமஸ்டர் எக்ஸாம் முடியுற நேரம். தஞ்சாவூர் வரைக்கும் வந்துட்டா மெலட்டூர் பக்கம்தான். தெலுங்கு தெரியலையேன்னு கவலைப்படாதீங்க, பிரகலாதன் கதை தெரியாதவங்க யாரு? பகல்லயே நல்லா தூங்கிட்டுப் போங்க. தூண் பிளக்கிற நேரத்துல தூங்கிட்டா, அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்.